மூன்றாம் தொட்டியில் ஒன்பது

ஜூலை 6, சனி

இதைப் படிப்பவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சிலது கீழே விழுந்து கிடக்கும். எனக்கு அறுபத்தெட்டு வயது. எழுதத் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. இதுவரை எழுதியதற்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. நடுவில் பென்சில் முனை ஒரு தடவை உடைந்தது.

தமயந்தி டீச்சர் சாயங்காலம் அங்கன்வாடியில் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். சுவரெல்லாம் யானையும் மாம்பழமும் வரைந்திருக்கும். போன வாரம் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். "தெனமும் தேதி போட்டு எழுதோணும். ஒரு வரின்னாலும் போதும். சனிக்கிழமையானா நான் பாப்பேன்" என்றார்.

"நம்ம பொழப்புல என்னங்க டீச்சர் நடக்குது எழுதறதுக்கு?" என்று கேட்டேன்.

"மீன் செத்தா, செத்துதுன்னு எழுதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் என் வேலை அதுதான். என் பெயர் செம்மலை. தொழிற்பேட்டைக்குள் ஒரு சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக மீன் தொட்டி பார்க்கிறேன். கம்பெனிகள் ரசாயனம் கொண்டுவந்து கொடுக்கும். அதைத் தண்ணீரில் கலந்து மீன் விடுவோம். நாலு நாளில் எத்தனை சாகிறது என்று பார்ப்போம்.

மருமகள் சுலோச்சனா எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கெளறுன குப்பையாட்ட இருக்குதுங்க மாமா" என்றாள். இருக்கட்டும். குப்பை என்னுடையது.

ஜூலை 7, ஞாயிறு

கோழி எடுத்தோம். இந்த வீட்டில் மீன் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. என் கை நாற்றமே போதும் என்று சுலோச்சனா சொல்லிவிட்டாள். கூரைக்கடியில் அட்டாலியில் இருக்கும் கயிற்று மூட்டையையும் எப்போது தூக்கிப் போடுவீர்கள் என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 8, திங்கள்

இன்று புதுச் சோதனை. ஆறு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குப் பத்துக் கெண்டைக் குஞ்சு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஒன்றாம் தொட்டியில் வெறும் தண்ணீர். இரண்டில் திரவம் கொஞ்சம், மூன்றில் அதைவிடக் கூட, இப்படியே ஏறி ஆறாவதில்தான் மிக அதிகம். காலை ஒன்பது மணிக்கு விட்டோம். வெள்ளிக்கிழமை ஒன்பது மணியோடு முடியும். அதுவரை மீனுக்கு இரை கிடையாது.

துணியில் சாயம் ஒட்டி நிற்பதற்காகச் சாயப்பட்டறைகளுக்கு விற்கும் திரவம் இது. மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கிறது. விரலில் ஒரு சொட்டுப் பட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டும் வழவழப்புப் போகவில்லை. சாப்பிடும்போது சோற்றிலும் அது இருப்பது போலவே இருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆனால் இன்று ஒரு நல்ல காரியமும் நடந்தது. கேன் மேல் பச்சை நிற மீன் படம் போட்டு, கீழே எழுத்து இருந்தது. விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். "மீன்களுக்குத் தீங்கற்றது." முழுதாகப் படித்துவிட்டேன்! திரவம் கலக்கும் ரேணுகா கை தட்டினாள். வேதியியல் படித்த பெண். சொந்தத் தாத்தாவைப் போல என்னை அப்பாரு என்றுதான் கூப்பிடும்.

சந்தோஷம் வடிந்த பிறகுதான் தோன்றியது. "ஏம்மா, நாம இப்பத்தான மீனையே உட்டோம். அதுக்குள்ள எப்படி லேபிள் அடிச்சாங்க?"

"அது சும்மா மாதிரிக்குங்க அப்பாரு. நம்ம ரிப்போர்ட் போனாத்தான் ஒட்டுவாங்க."

"ஒட்டியிருக்குதே?"

ரேணுகா பாட்டில் கழுவப் போய்விட்டது. திரும்பி வந்து, மூன்றாம் தொட்டிதான் கம்பெனிக்கு முக்கியம் என்று சொன்னது. அதில் பாதிக்கு மேல் செத்தால் பச்சை லேபிள் ஒட்ட முடியாதாம். இந்தத் திரவம் வாங்கும் பட்டறைகளில் நாலு எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இருக்கின்றன.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு நாள் கணக்கு. ஆறாம் தொட்டியில் பத்தும் காலி. ஐந்தில் ஏழு. நாலில் மூன்று. மற்றதில் இல்லை.

செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டீச்சருக்காக எழுதுகிறேன். செவுள் அசையாது. கண்ணாடிக் குச்சியால் வால் பக்கம் தொட்டாலும் துடிக்காது. அப்போது எடுத்துவிட வேண்டும். இந்தத் திரவத்தில் செத்தவை மற்றவை போல இல்லை. செவுளைச் சுற்றிக் கோழை கட்டி, மூக்குச் சளி போலத் தொங்குகிறது. வலையில் எடுத்தால் வலையோடு ஒட்டிக்கொள்கிறது, உதறினால்தான் விழுகிறது. பதினோரு வருடம் பார்த்தவன் நான். இன்று வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே ஆணியில் ஒரு கயிறு தொங்கும். ஒரு மீன் செத்தால் ஒரு முடிச்சு. எழுதத் தெரியாத காலத்தில் நானே செய்துகொண்ட ஏற்பாடு. செத்ததைத் தொட்டிவாரியாக வாளியில் சேர்த்து, சோதனை முடிந்ததும் அந்தந்தக் கயிற்றாலேயே பொட்டலம் கட்டி உறைபெட்டியில் வைப்பேன். ரிப்போர்ட் போகும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். பிறகு பின்பக்கம் சுண்ணாம்புக் குழியில் புதைப்பேன். பொறுப்பாளர் சிவானந்தம் சாருக்கு என் கயிறு தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கு மனக்கணக்கு நன்றாக வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 10, புதன்

மூன்றாம் தொட்டியில் மூன்று.

சிவானந்தம் சார் தொட்டிப் பலகை மேல் தட்டை வைத்து உளுந்து வடை சாப்பிட்டார். பக்கத்து வாளியில் செத்த மீன் கிடந்தது. சட்னி தொட்ட விரலாலேயே தொட்டியைக் காட்டி, "இது எத்தனை?" என்றார். மூன்று என்றேன். "ம்" என்றார். எதையும் எழுதவில்லை.

பிறகு, "பெரியவரே, கையெழுத்துப் போடப் பழகிட்டீங்களாமா? ரேணுகா சொல்லுச்சு" என்றார்.

"ஆமாங்க சார்."

"அப்ப இனிமே மைப்பெட்டி எதுக்கு? இந்தத் தடவ கையெழுத்தே போட்டுருங்க. பதினேழாந் தேதி தணிக்கைக்கு வர்றாங்க, பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கும்."

சோதனை முடிந்ததும் 'கவனித்தவர்' என்ற கட்டத்தில் நான் பெருவிரல் வைப்பது வழக்கம். சார் தாளை மடித்து, அந்தக் கட்டம் மட்டும் தெரியும்படி நீட்டுவார். போன வருடத் தணிக்கையில் சொல்லியபடி என் தாளை மட்டும் தமிழில் அச்சடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து முப்பது தடவை எழுதிப் பார்த்தேன். ப. செம்மலை. ப. செம்மலை. இருபத்திரண்டாவது அழகாக வந்தது. வாழ்க்கையில் முதல் கையெழுத்து. பேரனைப் பார்ப்பது போல அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

மூன்றாம் தொட்டியில் இன்றைக்கும் மூன்று. மொத்தம் ஆறு.

பதினொரு மணிக்கு சார் தாளைக் கொண்டுவந்தார். வழக்கம் போல மடித்திருந்தது. மடிப்பு மேட்டில் பென்சில் தடுக்கும், கையெழுத்துக் கோணிவிடும் என்று தாளை விரித்து மேசையில் தடவி வைத்தேன். அழகாக வர வேண்டும் என்ற ஆசைதான். வேறு எண்ணம் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது தேதி. இந்த நோட்டில் தினமும் தேதி போட்டுப் போட்டு அது பழகிவிட்டது.

"சார், இன்னிக்குப் பதினொண்ணுங்க. பன்னெண்டுன்னு போட்டிருக்குது."

"தெரியும். நாளைக்கு மச்சினன் கல்யாணம். ஆடி பொறக்கறதுக்கு முன்ன கடேசி முகூர்த்தம், போகாம இருந்தா ஊட்டுல என்னை உசுரோட உடமாட்டா. அதான் முன்னாடியே போட்டுட்டேன். நீங்க போடுங்க."

"நாளைக்கு எத்தனை சாகும்னு இன்னிக்கே எப்படிங்க?"

"இத்தன வருசம் இதத்தான பண்றேன். பாத்தாத் தெரியாதா?"

நான் கீழே படித்தேன். மெதுவாகத்தான் படிக்க முடியும், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தொட்டி. இறந்தவை: இரண்டு.

என் காலடியில் வாளி இருந்தது. அதில் மூன்றாம் தொட்டி மீன் ஆறு கிடந்தது. ஆறும் வாயைத் திறந்தபடி கிடந்தன. அந்த வாய்களையும் அந்த 'இரண்டை'யும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சார், கை நடுங்குதுங்க. மொதக் கையெழுத்துங்களா, கோணிப் போயிரும். நாளைக்குப் போட்டுடறனுங்க."

"கைநாட்டு வெச்ச காலத்துல இந்த ராங்கியெல்லாம் இல்ல" என்று சிரித்தார். தாளை ரேணுகாவிடம் கொடுத்து, நாளைக்கு வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பட்டுச்சட்டை எடுக்க வேண்டுமாம்.

கை நடுங்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

காலை ஒன்பது மணி. மூன்றாம் தொட்டியில் இன்னும் மூன்று. கயிற்றில் ஒன்பது முடிச்சு. பத்தாவது மீன் தலைகீழாக மிதந்தது. குச்சியால் தொட்டேன், வால் கொஞ்சம் அசைந்தது. அதனால் அது கணக்கில் இல்லை. நான் கணக்கில் ஏமாற்றுகிறவன் இல்லை. ஒன்றாம் தொட்டியில் பத்தும் நன்றாக இருந்தன, கண்ணாடிக்கு வந்து இரை கேட்டன.

ரேணுகா தாளைக் கொண்டுவந்து வைத்தது. "போட்டுருங்க அப்பாரு" என்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ இதப் படிச்சியா கண்ணு?"

"படிச்சனுங்க."

"மூணுல எத்தனை?"

"நானும் எண்ணித்தானுங்க அப்பாரு பாத்தேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. அதற்கு இரண்டு வருடத்தில் வேறு வேலை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்று நான் நினைத்தேன். அதுவும் அதையேதான் நினைத்திருக்கும்.

தாளின் கீழே நாலு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். என்ன எழுதப்போகிறேன் என்று ரேணுகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பாரு, வேண்டாம்" என்றது. பிறகு தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டியது. "பென்சில்ல எழுதாதீங்க. அழிச்சிருவாங்க."

நான் இதுவரை பேனாவில் எழுதியதில்லை. வகுப்பில் பென்சில்தான். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, நிறுத்தினால் மை ஊறியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுதியது இவ்வளவுதான்:

மூன்றாம் தொட்டியில் ஒன்பது மீன் செத்தது. நான் எண்ணினேன். ஜூலை 12. ப. செம்மலை.

முதல் கையெழுத்துக் கோணலாகத்தான் வந்தது. 'லை' ஓரக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பதிவுப் புத்தகத்தில் கோர்க்கும் தாளுக்கெல்லாம் முன்பே எண் போட்டிருக்கிறது, ஒன்றைக் கிழித்தாலும் தெரிந்துவிடும் என்று ரேணுகா சொன்னது. அதை ஏன் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

வகுப்புக்குப் போனேன். நோட்டை மறந்து வந்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். நோட்டு மஞ்சப்பைக்குள் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கையை வேப்பிலை போட்டுக் கழுவினேன். புளி போட்டும் தேய்த்தேன். நகக்கண்ணில் நாற்றம் அப்படியே இருக்கிறது. வலக்கையைவிட இடக்கைப் பெருவிரலில்தான் அதிகம் போல இருக்கிறது. சுலோச்சனா முகர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்கிறாள்.

ஜூலை 15, திங்கள்

சிவானந்தம் சார் நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம் அழியாமல் வந்தார். ஐந்து நிமிடத்தில் கத்தல் கேட்டது.

"யாருய்யா உன்னைய எழுதச் சொன்னது? உன்னைய என்ன எழுதவா வேலைக்கு வெச்சோம்?" இதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை.

"கையெழுத்துப் போடச் சொன்னீங்க. மேல என்ன இருக்குதுன்னு பாத்தனுங்க சார்."

"பாத்தியா? ஏழு மாசம் படிச்சுட்டு நீ என் ரிப்போர்ட்டைத் திருத்துவியா?" மூச்சு வாங்கினார். பிறகு குரலை இறக்கினார். "இத பாருங்க பெரியவரே. அந்த வரி மேல ஒரு கோடு போடுங்க. பக்கத்துல 'தவறு'ன்னு எழுதி, அதே மாதிரி கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது. வயசான காலத்துல வேற எங்க போவீங்க?"

"அந்த வார்த்தை இன்னும் எழுதிப் பழகலைங்க சார்" என்றேன்.

பொய்தான். எழுதத் தெரியும்.

"அப்பச் செரி. பொட்டலத்தையெல்லாம் கொண்டுபோய் இப்பவே பொதைச்சுரு."

"ரிப்போர்ட் போறவரைக்கும் பெட்டியில இருக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சாவியைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். சாவி என் அரைஞாணில் தொங்கியது. ரேணுகா பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டது. தோள் குலுங்கியதைப் பார்த்தால், சிரித்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

உறைபெட்டிப் பூட்டில் கீறல் இருந்தது. திறக்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். எப்போதிருந்து என்று தெரியாது. சொருகிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி ஒன்று. தணிக்கைக்கு ஒரு அம்மா வந்தார். என் மகள் வயது இருக்கும். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் வரியில் நின்றார்.

"இது யார் எழுதினது?"

சிவானந்தம் சார் முந்திக்கொண்டார். "மேடம், இவருக்கு இப்பத்தான் எழுத்துச் சொல்லித் தராங்க. ஆசையில ஏதோ கிறுக்கிட்டார். கணக்கெல்லாம் இவருக்குத் தெரியாது."

"பெரியவரே, நீங்க எழுதினதைப் படிங்க."

படித்தேன். வகுப்பில் படிப்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தேன்.

"ஒன்பதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிவிட்டது, எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்றாம் தொட்டிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து எவர்சில்வர் தட்டில் பிரித்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. தண்ணீர் ஊற்றினோம். முதலில் நாற்றம் வந்தது. பிறகு செவுளிலிருந்து கோழை இழை இழையாக இறங்கியது. ஒரு மீனின் வயிறு பிரிந்துவிட்டது. சிவானந்தம் சார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போனார். அந்த அம்மாவுக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். அவர் எண்ண எண்ண நான் கயிற்றில் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டேன்.

ஒன்பது.

"இந்த ரிப்போர்ட் போகாது" என்றார். அந்தப் பச்சை மீன் லேபிளைக் கேனிலிருந்து கிழித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு எத்தனை சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கண்ணாடிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

அப்போதுதான் அவர் பழைய புத்தகங்களைக் கேட்டார். மேசை முழுக்க விரித்தார். ஊதா மையில் பெருவிரல் ரேகை. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. மொத்தம் நாற்பத்து மூன்று. இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அட்டைப்பூச்சி போலத் தாள்தோறும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் உங்க ரேகையா?"

"ஆமாங்க."

"அப்பவும் நீங்கதான் எண்ணினீங்களா?"

"ஆமாங்க."

"தாள்ல என்ன எழுதியிருந்ததுன்னு தெரியுமா?"

"எழுதப் படிக்கத் தெரியாதுங்களே அப்ப."

"நம்பர் கூடவா தெரியாது? பஸ்ல எப்படி ஏறுவீங்க?"

"தாளு மடிச்சிருந்துச்சுங்க" என்றேன்.

"விரிச்சுக் காட்டச் சொல்லியிருக்கலாமே."

நான் தட்டிலிருந்த மீனை மறுபடி பொட்டலம் கட்டினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. வருகிற புதன்கிழமை மறுபடி வருவதாகவும், ஞாபகம் இருப்பதை எல்லாம் யோசித்து வைக்கும்படியும் சொன்னார். "பழைய மீனையெல்லாம் புதைச்சாச்சு. வேற எதுவும் இல்லையே?" என்றார்.

இல்லை என்றேன்.

ஜூலை 18, வியாழன்

வேலைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜூலை 20, சனி

இன்று நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

அட்டாலியில் உரச்சாக்கில் கயிறு இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஆறு கயிறு, தொட்டி வரிசைப்படி ஒன்றாகக் கட்டியது. பொட்டலங்களைக் குழியில் போடுவதற்கு முன்னால் கயிற்றை மட்டும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். முதல் கட்டு அடியில் இருக்கிறது, கடைசிக் கட்டு மேலே. இன்று காலை சாக்கை இறக்கி வாசலில் கொட்டி எண்ணினேன். நாற்பத்து மூன்று கட்டு. எல்லாவற்றிலும் மீன் கோழை காய்ந்து கயிறு விறைத்துப் போயிருக்கிறது. சுலோச்சனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் கருமத்தை எதுக்குங்க மாமா இத்தன வருசம் சேத்து வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள்.

சார் கணக்கு சரியாக எழுதுகிறார் என்று நம்புகிறவன் கயிற்றைக் குழியிலேயே போட்டிருப்பான்.

புதன்கிழமை இந்தச் சாக்கை அந்த அம்மாவிடம் எடுத்துப் போகிறேன். ஒரு கட்டுக்கு ஒரு தாள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முடிச்சும் என் கையால் போட்டது, ரேகையும் என் கையால் வைத்தது.

டீச்சர், பேனாவில் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரேணுகா அதை என்னிடமே கொடுத்துவிட்டது. தாளை ஏன் ஒரு தடவை கூட விரித்துக் காட்டச் சொல்லவில்லை என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். கை வலிக்கிறது, அதனால் இத்துடன் நிறுத்துகிறேன் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கை வலிக்கவில்லை.